இல்லமும் நலமும்: மூளையில் புதுத் துளிர்

மேற்குத் தாம்பரத்து அன்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மைக் காண வந்தார். 72 வயதான அவருடைய தந்தைக்கு மறதி மிகுந்துவிட்டது. 'ஸ்டெம் செல்' எனப்படும் மூல உயிரணுக்களை ஊசி மூலம் செலுத்தினால் நினைவு திரும்பிவிடும் என்று எவரோ கூறினராம். செலவிற்காகப் பெருங்களத்தூர் மனையை விற்கலாமா என வினவினார்.

அக்கூற்றில் சிறிது உண்மை கலந்திருக்கிறது. ஆகவேதான் அது மயக்குகிறது. கருவிலுள்ள சிசுவின் மூளையில் மூல உயிரணுக்கள் பல்கிப் பெருகி நரம்பணுக்களைத் தோற்றுவிக்கின்றன. அப்பருவத்து மூளையின் 5,132 மெல்லிய சீவல்களைப் படமாக்கி, நமக்கு அண்மையில் கிண்டியை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார் 2024 டிசம்பரில் உலகிற்கு அளித்தனர். பிறந்தபின் புதிய நரம்பணு தோன்றாது என்றே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது.

இதனை 1998-இல் அசைத்தவர்கள் சுவீடன் நாட்டுப் புற்றுநோயாளர் ஐவர். புதிதாகப் பிரியும் அணுக்களில் படியும் ஓர் அடையாளப் பொருள், நோயின் போக்கை அறிய அவர்களுக்குச் செலுத்தப்பட்டிருந்தது. அவர்கள் இறந்தபின் ஆராய்ந்தபோது, ஹிப்போகேம்பஸ் என்னும் கடற்குதிரை வடிவான நினைவுப் பகுதியில் அவ்வடையாளம் தாங்கிய நரம்பணுக்கள் தென்பட்டன. நாளொன்றுக்கு ஒரு பக்கத்தில் சுமார் 700 அணுக்கள் புதிதாய்ச் சேர்வதாக 2013-இல் வேறொரு சுவீடன் குழு கணக்கிட்டது. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதனை மறுத்தனர். 2025-இல், அவ்வணுக்களை ஈனும் தாயணுக்களையே பெரியோர் மூளையில் கண்டதாகச் சுவீடன் குழு அறிவித்தது. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

புதிய அணு செய்வது யாது? சில வாரங்களில் கிளைவிட்டு, பழைய நரம்பணுக்களின் தொடரில் தன்னை இணைத்துக்கொள்கிறது. ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கும் இரு நினைவுகளைப் பிரித்தறிய அது உதவுவதை எலிகளிடம் கண்டுள்ளனர். தாம்பரம் ரயில் நிலையத்தில் நேற்று வண்டியை நிறுத்திய இடத்தையும் இன்று நிறுத்திய இடத்தையும் நாம் குழப்பிக்கொள்ளாதிருப்பது இத்தகைய வேலையே.

ஆனால் இவை அவ்விடத்திலேயே பிறந்து வளர்பவை. வெளியிலிருந்து செலுத்தும் அணு அத்தொடரில் இணைந்து மறதியைப் போக்கும் என்பதற்குச் சான்றில்லை. இரத்த நோய்கள் சிலவற்றிற்கு எலும்பு மச்சை மாற்றுவது போன்றவை நீங்கலாக, ஏனைய மூல உயிரணுச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. அவற்றை விலைக்கு அளித்தலாகாது என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது.

முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டும்படி அன்பரிடம் சொன்னோம். வைட்டமின் பி-12 குறைவும் தைராய்டு குறைவும் கூட மறதியைத் தரும். அவை சாதாரண இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். பெரியவருக்குப் பி-12 மிகக் குறைவு என்று தெரிந்தது. இப்போது அதற்கு ஊசி போட்டுக்கொள்கிறார் (இந்த ஊசிக்கு மனையை விற்க வேண்டியதில்லை!). மறதி முழுவதும் அகலவில்லை. ஆயினும் சென்ற வாரம் பேரனின் பள்ளி வண்டி வரும் நேரத்தைத் தாமே நினைவுபடுத்தினாராம்.