‘பிக்கப்’ விழுங்கிய வினைகள்

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் சற்றுநேரம் நின்று செவிகொடுத்துக் கேண்மின்! “என்னைப் பிக்கப் பண்ண வா” என்கிறான் ஒருவன். “வண்டியில் பிக்கப் இல்லை” என்கிறான் மற்றொருவன். வடகாட்டுப் பலா வணிகமும் ‘பிக்கப்’ ஆகிவிட்டதாம். பட்டறைக்கு வந்த பையன் தொழிலைப் ‘பிக்கப்’ பண்ணிக்கொண்டானாம்!

ஆங்கிலத்தில் ‘பிக்’ என்பது பொறுக்குதல், கொய்தல் முதலிய பொருள்தரும் வினை. ‘அப்’ மேல்நோக்கைக் காட்டும் சிறுசொல். இரண்டும் இணைந்து, கிடப்பதை எடுத்தலைக் குறிக்கும். ஆளை வண்டியில் ஏற்றிக்கொள்ளல், பழகிக் கற்றல், தளர்ந்தது தேறல், விரைவு கூடல் எனவும் அதன் பொருள் விரியும். அம்மொழிக்கு அஃது இயல்பு. அதில் நமக்கு வழக்கில்லை.

அக்கருவி தமிழில் இல்லாததா? எழுதிவிடு, எழுதிவை, எழுதிக்கொள், எழுதிப்பார், எழுதிக்கொடு. அவர்கள் சிறுசொல்லை ஒட்டிப் பெறும் நுட்பத்தை நாம் துணைவினையால் பெறுகிறோம். மேலே கேட்ட நான்கிற்கும் நம்மிடம் நான்கு உள: அழைத்துப்போக வா, வண்டியில் இழுவை இல்லை, வணிகம் சூடுபிடித்தது, தொழிலைக் கற்றுக்கொண்டான். நான்கையும் கொண்டுபோய் ஒன்றன் வாயில் போடுகிறோம். நாளை நம் பிள்ளை ‘சூடுபிடித்தது’ என்றால் அடுப்பைத்தான் பார்ப்பான்!

இன்னுமொரு கேடு. ‘பிக்கப்’ தமிழன் வாயில் வினையே அன்று. காலம், பால், இடம் எதுவும் அதனோடு ஒட்டா. ஆகவே ‘பண்ணு’வைக் கூலிக்கு அமர்த்துகிறோம். உழைப்பது தமிழ், பெயர் தட்டிச் செல்வது ஆங்கிலம்.

மாவட்டம் அமைந்தது 1974-இல். இம்மண்ணின் எழுத்தோ மிகப் பழையது. சித்தன்னவாயில் குன்றின் ஏழடிப்பாட்டத்தில், துறவிக்கு அமைத்த கற்படுக்கையைக் குறிக்கும் தமிழிக் கல்வெட்டொன்று உளது. அகவை ஏறத்தாழ ஈராயிரம். அதில் ‘அதிட்டானம்’ என்னும் வடசொல் உண்டு, மறைப்பானேன்? ஆயினும் அது பெயர். வினைகளோ ‘பிறந்த’, ‘செய்த’ எனத் தமிழாகவே நிற்கின்றன. அன்று அயற்சொல் பெயராய் வந்து திண்ணையில் அமர்ந்தது. இன்று அடுக்களைக்குள் புகுந்து வினையையே வெளியேற்றுகின்றது.

தமிழன்பர்களே! அடுத்தமுறை பட்டறைக்குச் செல்லுங்கால் “இழுவை இல்லை” என்று சொல்லிப் பாருங்கள். பட்டறைக்காரர் அகரமுதலியைத் தேடமாட்டார், திருப்புளியைத்தான் எடுப்பார்.