தொடாமல் எழுதும் தீர்ப்பு

"இந்த வயசுல கீமோ தாங்காதுப்பா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியா பாத்துக்குங்க."

எங்க ஆயாவைப் பார்த்து ஒரு டாக்டர் சொன்னது. பார்த்து என்றால், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி பார்த்து. நாடி பிடிக்கவில்லை. எழுந்து நிற்கச் சொல்லவில்லை. ஆதார் அட்டையில் வயசு 76 என்று இருந்தது. சீட்டில் 'நாட் ஃபிட்' என்று எழுதினார். முடிந்தது கதை.

அந்த 76 எங்கிருந்து வந்தது? ஆயாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. ஆதார் எடுக்க வந்த பையன் முகத்தைப் பார்த்து ஒரு வருசம் போட்டான், ஜனவரி ஒண்ணு என்று தேதி போட்டான். எங்க சேரியில் கிழவன் கிழவிகள் பலருக்கும் ஜனவரி ஒண்ணுதான் பிறந்த நாள். ஒருத்தன் முகத்தைப் பார்த்துப் போட்ட வயசை வைத்து, இன்னொருத்தர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்.

டாக்டர் சாதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. தொழில் குப்பை வாருதல், முகவரி பெரும்பாக்கம். போதாதா?

ஆயாவுக்கு வந்தது அக்யூட் மைலாய்டு லுகேமியா என்கிற இரத்தப் புற்றுநோய். இதற்கு 1970களிலிருந்து கொடுத்துவரும் கடுமையான சிகிச்சை, சைட்டரபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள். எலும்பு மஜ்ஜையே காலியாகிவிடும். வாரக்கணக்கில் கிருமியை எதிர்க்கச் சக்தி இருக்காது. டானோரூபிசின் இதயத்தையும் கெடுக்கும். நோய் கொல்வதற்கு முன்னால் மருந்தே முதியவரைக் கொன்றுவிடலாம். ஆகவே 'உடம்பு தாங்குமா?' என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்பதில்தான் நமக்குச் சண்டை.

அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் கடிதமாக வந்த சம்பவம் அது. கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பின் நோயில் விழுகிறார். வந்த மருத்துவர் அவரைத் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் தெர்மாமீட்டர் திரும்புகிறது. நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போகிறார். அந்தப் பெண் செத்துப்போகிறார். அன்றைக்கு நடுவில் தெர்மாமீட்டராவது போய் வந்தது. எங்க ஆயாவுக்கு அதுவும் இல்லை.

சரி, அளப்பதற்குக் கருவி இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்த அளவுகோல் யாருடைய உடம்பை வைத்துச் செய்யப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும். கார்னாஃப்ஸ்கி அளவுகோல் 1949இல் வந்தது. இன்று எங்கும் புழங்குகிற ஈகாக் அளவுகோல் 1982இல் அச்சானது. அதில் முழு ஆரோக்கியத்துக்கு அடுத்த படியில் இருப்பவர் யார்? கடும் உழைப்பு முடியாது, ஆனால் லேசான வீட்டு வேலையோ ஆபீஸ் வேலையோ பார்க்க முடிகிறவர். ரங்கநாதன் தெருவில் விடியற்காலை குப்பை வண்டி தள்ளுகிறவளுக்கு 'லேசான வேலை' என்று ஒன்று எப்போது இருந்தது? வண்டி தள்ள முடியாத அன்றைக்கு அவளுக்கு வேலையே கிடையாது.

மூளைத் திறனைச் சோதிக்க 1975இல் வந்த இன்னொரு சோதனை, ஒரு வாக்கியத்தை வாசி, ஒரு வாக்கியம் எழுது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்கிறது. கைநாட்டு வைக்கிற ஆயா எதை எழுதும்? ஆனால் நாலு இடத்தில் வாங்கின தண்டல், அதில் கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்லும். அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. எழுத்தை மறுத்தவனே எழுதத் தெரியவில்லை என்று மதிப்பெண் குறைக்கிறான். இதைப் பார்ப்பனியம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இன்னொரு மோசடி. ஆயா அன்றைக்குச் சுருண்டு கிடந்தது உண்மை. ஹீமோகுளோபின் 4.5. அந்த அளவில் யாராக இருந்தாலும் சுருண்டுதான் கிடப்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால், லிப்ட் ஓடாத நாளில், ஆறு மாடி ஏறி வந்த பொம்பளை. நோய் படுக்க வைத்ததை வயசு படுக்க வைத்ததாக எழுதினால் அது பொய்க் கணக்கு. இரத்தம் ஏற்றி, காய்ச்சலைக் குறைத்து, அதற்குப் பிறகு அளக்க வேண்டும்.

'வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கா?' இதுவும் தகுதிக் கேள்விகளில் ஒன்று. மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் இருந்தபோது அக்கம்பக்கம் முழுக்க ஆள் இருந்தது. கால்வாய்க் கரை, ஆற்றங்கரை என்று 2000இலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் சேரிகளைப் பிய்த்து எறிந்தது யார்? சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு, துணை இல்லை, போக்குவரத்து இல்லை, ஆகவே தகுதி இல்லை என்கிறாய். அரசு செய்த குற்றத்தை ஆயாவின் உடம்பில் எழுதுகிறாய்.

'அப்போ எல்லாக் கிழவிக்கும் கடுமையான கீமோ கொடுக்கச் சொல்றியா?' என்று சில தோழர்களே கேட்கிறார்கள். இல்லை. உழைத்த உடம்பு என்பதாலேயே தாங்கும் என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருசம் குப்பைத் தூசியில் நின்ற நுரையீரல் கெட்டிருக்கலாம், இதயம் தளர்ந்திருக்கலாம். அதைத்தான் அளந்து பார் என்கிறேன். நாலு மீட்டர் நடக்க எத்தனை நொடி? கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழ முடிகிறதா? கால்களைச் சேர்த்து வைத்து நிற்க முடிகிறதா? இதற்கு ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், கொஞ்சம் தரை போதும். 2013இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், இந்தச் சோதனையிலும் மூளைத் திறன் சோதனையிலும் பின்தங்கிய முதியவர்களே கீமோவுக்குப் பின் குறைந்த காலம் உயிரோடு இருந்தார்கள். ஸ்வீடன் பதிவேட்டை வைத்து 2009இல் வந்த ஆய்வோ, முதியவர்களில் அதிகம் பேருக்குக் கடுமையான சிகிச்சை கொடுத்த பகுதிகளில் உயிர் பிழைத்தவர்கள் அதிகம் என்றது. வயசை மட்டும் பார்த்துக் கை விரிப்பதற்கு அறிவியலில் இடம் இல்லை.

கடுமையான மருந்து ஆகாது என்று தெரிந்தாலும் அதோடு முடிவதில்லை. 2020இல் வந்த ஆய்வில், கடும் சிகிச்சைக்கு ஆகாதவர்களுக்கு அசாசிட்டிடின் மட்டும் கொடுத்தபோது வாழ்நாளின் இடைநிலை அளவு 9.6 மாதம். வெனிடோகிளாக்ஸும் சேர்த்தபோது 14.7 மாதம். எதுவுமே முடியாதவருக்கு இரத்தம் ஏற்றுவதும் வலி குறைப்பதும் இருக்கின்றன. அதுவும் வைத்தியம்தான், அதுவும் உரிமைதான்.

ஆயாவை இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இரத்தம் ஏற்றினார்கள், எக்கோ எடுத்தார்கள், எழுப்பி நடக்க வைத்துப் பார்த்தார்கள். கடுமையானது வேண்டாம், லேசான ஊசி போடலாம் என்றார்கள். அதுவும் பாதி 'வேண்டாம்'தான். ஆனால் தொட்டுப் பார்த்துச் சொன்ன 'வேண்டாம்'. ஆயா ஒன்பது மாசம் இருந்துச்சு. தண்டல் பாக்கியை முழுசா கட்டிட்டுத்தான் செத்துச்சு.

சென்னைச் சேரிகளில் 'அடையாறுக்குப் போயிருக்காங்க' என்றால் புற்றுநோய் என்று அர்த்தம். தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு அங்கே மருத்துவமனையைத் திறந்தபோது, புற்றுநோய் என்றால் சாவுதான், எதற்கு ஆஸ்பத்திரி என்ற எண்ணமே ஊரில் இருந்தது. இன்று அந்த 'எதற்கு' நம் கிழவிகளுக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. முதியோர் மருத்துவத்துக்கும் இந்த ஊரில் பஞ்சம் இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978லேயே தனிப் பிரிவு தொடங்கியது. கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாயிற்று.

ஆகவே கேட்போம். அளக்காமல் எவரும் 'நாட் ஃபிட்' எழுதக் கூடாது. எழுதினால் என்ன அளந்தாய், எவ்வளவு வந்தது என்று அதே சீட்டில் தமிழில் எழுது. இரத்தம் ஏற்றிய பின் மறுபடி அள. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஏற்ற சோதனை வை. தூரத்தில் இருந்து வருபவருக்கு ஆஸ்பத்திரிப் பக்கத்தில் தங்க இடம் கொடு.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை சேரியிலிருந்து ஒரு கிழவியோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனால், சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். மேசைக்கு முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், எழுந்து நிக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"