ஆக்ஸ்ஃபோர்டின் கதவும் சங்கீதமும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் தம் மகளை அழைத்துவந்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைக்க ஜெபிக்கும்படி கேட்டார். "அந்தப் பெயர் ஒன்று போதும் ஐயா, அவள் வாழ்க்கை அமைந்துவிடும்" என்றார். ஜெபித்தேன். ஆயினும் "அந்தப் பெயர்" என்ற சொல் வாரமெல்லாம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் 1096ஆம் ஆண்டிலேயே பாடம் நடந்ததற்குச் சான்று உண்டு. அதன் சின்னத்தில் ஒரு திறந்த புத்தகம். அதில் லத்தீன் மொழியில் 27ஆம் சங்கீதத்தின் தொடக்கச் சொற்கள். கர்த்தரை ஒளியென்று அறிக்கையிடும் அச்சொற்களைச் சின்னமாகத் தாங்கிய அவ்விடத்தின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. இங்கிலாந்து திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிடாதவர் 1854 வரை அங்கே மாணவராகச் சேரவே இயலாது. பாப்டிஸ்டுகளும் கத்தோலிக்கரும் யூதரும் வெளியே நின்றனர். எஞ்சிய தடைகள் பெரும்பாலும் நீங்க 1871ஆம் ஆண்டின் சட்டம் வேண்டியிருந்தது. அந்தப் பூட்டு திருச்சபையின் பெயராலேயே தொங்கியது. போதகனாகிய நான் இதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

பெண்களுக்கோ அக்கதவு இன்னும் மெதுவாகத் திறந்தது. கார்னீலியா சொராப்ஜி அம்மையாரை அறிவீர்களா? பார்சி மார்க்கத்திலிருந்து கிறிஸ்துவை ஏற்ற ஒரு போதகரின் மகள். 1889இல் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில்லில் சேர்ந்து, அங்கே சட்டம் பயின்ற முதல் பெண்ணானார். அவர் தேர்வெழுதப் பல்கலைக்கழகம் தனித் தீர்மானம் இயற்ற வேண்டியிருந்தது. 1892இல் தேறினார். பட்டம் மட்டும் தரப்படவில்லை. பெண்களுக்குப் பட்டமளிக்க ஆக்ஸ்ஃபோர்டு 1920 வரை இசையவில்லை. 1922இல்தான் அவர் கைக்குப் பட்டம் வந்தது. முப்பது ஆண்டுகள்!

அவ்வாண்டுகளில் அவர் சும்மா இருந்தாரா? திரைமறைவில் வாழ்ந்து, அந்நிய ஆடவரோடு பேசலாகாதிருந்த விதவைகளின் சொத்துரிமைக்காக இந்தியாவில் உழைத்தார்.

பட்டம் வெறும் காகிதம் என்று நான் சொல்லமாட்டேன். மறுக்கப்பட்டவருக்கே அதன் அருமை தெரியும். கார்னீலியாவுக்கு அது மறுக்கப்பட்டது அநியாயமே. எனினும், பெயர் கிடைக்காதபோதும் அவரிடம் கல்வி இருந்தது. இன்று நாம் பெயரைக் கேட்கிறோம், கல்வியைக் கேட்கிறோமா? ஆக்ஸ்ஃபோர்டின் உயிர் அதன் கோபுரங்களில் இல்லை. ஓரிரு மாணவர் தாம் எழுதிய கட்டுரையோடு ஓர் ஆசிரியர் எதிரே அமர்வர். அவர் ஒவ்வொரு வாதத்தையும் கிளறிக் கேட்பார். தவறு வெளிப்படும்; ஒளிந்துகொள்ளப் பின்வரிசை இல்லை. இப்படியே வாரங்கள் செல்லும். பாடத்தின்மேல் தாகமில்லாத பிள்ளைக்கு அது பெரும் வேதனை; தாகமுள்ள பிள்ளைக்கோ விருந்து.

பெற்றோரே, ஜெபம் கேட்க வாருங்கள், மகிழ்ச்சியோடு ஜெபிப்பேன். ஆனால் அன்று நானும் ஒன்றில் தவறினேன். தாயார் பேசினார், நான் ஜெபித்தேன், மகள் தலைகுனிந்து நின்றாள். அங்கே என்ன படிக்க விரும்புகிறாய் என்று அவளை நான் கேட்கவேயில்லை. வரும் ஞாயிறு கேட்கவேண்டும்.