சொர்க்கவாசலும் வீட்டுவாசலும்

மார்கழி பிறந்துவிட்டால் மேச்சேரியில் கோழி கூவும் முன்பே தெருக்கள் விழித்துக்கொள்கின்றன. பத்ரகாளியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் வாசல் தெளித்துக் கோலமிடுகிறார்கள். ஒலிபெருக்கியில் திருப்பாவை ஒலிக்கிறது. மேட்டூர்ப் பக்கமிருந்து வரும் காற்றில் குளிர் ஏறியிருக்கிறது. கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள் சரணம் சொல்லிச் செல்கிறார்கள். பழநிக்கு நடக்க இருப்போர் விரதம் தொடங்குகிறார்கள். வைகுண்ட ஏகாதசிக்குத் திருப்பதி செல்ல எண்ணும் குடும்பங்கள் வேனுக்கு முன்பணம் கொடுக்கின்றன.

கார்த்திகை முதல் தைப்பூசம் வரையிலான இந்நாள்கள் யாத்திரைக்குரியவை. பனியும், சளியும், நீண்ட இரவுப் பயணமும், பெருங்கூட்டமும் ஒருசேர வருவதும் இந்நாள்களில்தான். புறப்படுகிற வீடு எதுவாயினும், போனவர் அனைவரும் நலமாகத் திரும்பி வந்து வாசலில் கால் கழுவும்போதுதான் அந்த யாத்திரை நிறைவுறுகிறது.

2025 ஜனவரி 8 அன்று இரவு திருப்பதியில் நிகழ்ந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. ஜனவரி 10 வைகுண்ட ஏகாதசி. அன்றும் அடுத்த இரு நாள்களும் வைகுண்ட வாயில் தரிசனம் செய்வதற்கான இலவச டோக்கன்கள் 9ஆம் நாள் விடியலில் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. முதல் நாளே மக்கள் திரண்டனர். டோக்கன் வழங்கும் இடமொன்றில், உடல்நலம் குன்றிய ஒருவரை வெளியேற்றக் கதவு திறக்கப்பட்டபோது, டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணிக் கூட்டம் முன்னோக்கிப் பாய்ந்ததாகச் செய்திகள் கூறின. அந்நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். சேலம் மாவட்டத்திலிருந்து சென்ற ஒரு பெண்மணியும் அவர்களுள் ஒருவர். பெருமாளின் வாயில் திறப்பதைக் காணச் சென்றவர் தம் வீட்டு வாசலுக்குத் திரும்பவில்லை.

இத்தகைய துயரம் அதுவே முதன்முறையும் அன்று. 1999 ஜனவரி 14, மகரஜோதி நாளன்று பம்பையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011இல் அதே ஜனவரி 14 அன்று, ஜோதி கண்டு திரும்பும் வழியில் புல்மேட்டில் நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழகத்திலிருந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர்.

கூட்ட நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டு இறக்கிறார்கள் என்பதே பொதுவான எண்ணம். மருத்துவர்கள் கூறுவது வேறு. பெரும்பாலோர் மூச்சு முட்டியே இறக்கிறார்கள். மார்பு விரிந்தால்தான் காற்று நுரையீரலுக்குள் செல்லும். நான்கு பக்கமும் உடல்கள் அழுத்தும்போது மார்பு விரிய இடமிருப்பதில்லை. நின்ற நிலையிலேயே உயிர் பிரிவதும் உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கி நின்றால் கூட்டம் தண்ணீரைப் போல் அலையடிக்கத் தொடங்குகிறது. பின்னால் ஒருவர் சிறிது தள்ளுவது முன்னால் பெரும் விசையாகப் போய்ச் சேர்கிறது. தள்ளியவர் முன்னே நடப்பதை அறிய மாட்டார். ஆகவே, “கொஞ்சம் தள்ளுங்கள், நகர்ந்துவிடும்” என்னும் சொல் வரிசையில் ஒருபோதும் சொல்லத்தகாத சொல்.

தோள்கள் இருபுறமும் பிறர் மீது உரசி, கையைத் தூக்க இடமில்லாமல் போவதே எச்சரிக்கை. அப்போதே பக்கவாட்டில் விலகி வெளியேறுவதே அறிவுடைமை. இன்னும் நெருங்கிய பின் வெளியேற வழியிராது. சிக்கிக்கொண்டவர் இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் கேடயம்போல் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சுக்கு அந்தச் சிறு இடைவெளி உதவும். கூட்டம் தள்ளும்போது அதை எதிர்த்து நிற்கக் கூடாது. அலை தணியும் நொடியில் குறுக்காகச் சிறிது சிறிதாக ஓரத்தை நோக்கி நகரவேண்டும். சுவர், தடுப்புக் கம்பி ஆகியவற்றின் மீது சாய்ந்து நிற்பது ஆபத்து. செருப்போ, பையோ, கைபேசியோ கீழே விழுந்தால் குனியக் கூடாது. தவறி விழுந்தவர் மல்லாந்து கிடக்காமல் ஒருக்களித்துச் சுருண்டு, கைகளால் தலையைக் காத்துக்கொண்டு, இடம் கிடைத்ததும் எழ முயலவேண்டும்.

குழந்தைகளை அத்தகைய வரிசைக்குள் அழைத்துச் செல்லாதிருப்பதே நன்று. அழைத்துச் செல்ல நேர்ந்தால் பெற்றோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளைக் குழந்தையின் சட்டைப் பையில் வைக்கவேண்டும். பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்பதை வண்டியிலிருந்து இறங்கும்போதே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசிகள் பெருங்கூட்டத்தில் பல நேரங்களில் பேசுவதில்லை.

இவை யாவும் நெரிசலுக்குள் அகப்பட்டவருக்கு. அகப்படாமலிருக்கும் வழியைப் பெரியோர்கள் முன்னரே காட்டியிருக்கிறார்கள். திருமலையில் வைகுண்ட வாயில் இப்போது பத்து நாள்கள் திறந்திருக்கிறது. திருவரங்கத்திலும் ஏகாதசியன்று திறக்கும் பரமபத வாசலை இராப்பத்து நாள்கள் பலவற்றிலும் கடக்கலாம். முதல் நாள் நுழைந்தவருக்கு ஒரு வைகுண்டமும், ஏழாம் நாள் நுழைந்தவருக்கு வேறொரு வைகுண்டமும் இல்லை.

மேச்சேரிக்கு அருகிலுள்ள எடப்பாடி இதற்கு நல்ல சான்று. எடப்பாடியின் பருவதராஜகுல அடியார்கள் தலைமுறை தலைமுறையாகப் பழநிக்குக் காவடி எடுத்துச் செல்கின்றனர். தைப்பூசப் பெருங்கூட்டம் கலைந்த பிறகே அவர்கள் மலையேறுகிறார்கள். டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரிக்கிறார்கள். வேறு எவருக்கும் இல்லாத உரிமையாக ஓரிரவு மலைமீதே தங்கி வழிபடுகிறார்கள். பூச நாளன்று செல்லாததால் அவர்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை. பிந்திச் செல்வதே அவர்களுக்குப் பெருமையாகியிருக்கிறது.

கூட்டத்திற்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது வீட்டிலுள்ள முதியவர்களின் உடல்நிலை. அதிகாலையில் குளிர்ந்த நீரில் மூழ்கினால் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. மாரடைப்பு விடியற்காலையில் மிகுதியாக வருவதையும் மருத்துவம் கண்டறிந்திருக்கிறது. இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ள தாத்தா பாட்டிக்கு வெதுவெதுப்பான நீர் வைத்துக் கொடுப்பதால் மார்கழி நீராடலின் புண்ணியம் குறைந்துவிடாது. காது மூடும்படி ஒரு துண்டும், தோளில் ஒரு சால்வையும் போதும். கோயில் பிராகாரத்தின் கல்தரைக் குளிருக்குச் சிறிது நேரமே நின்று திரும்புவதும் நல்லது.

ஏகாதசி உபவாசத்திலும் கண்டிப்போடு கருணையும் உண்டு. எட்டு வயதுக்கும் எண்பது வயதுக்கும் இடைப்பட்டோருக்கே அது விதிக்கப்பட்டது என்பது மரபு. நோயுற்றோர் பாலும் பழமும் கொள்ளலாம் என்பதும் பெரியோர் வழக்கு. சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவை மட்டும் நிறுத்தினால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். வரிசையில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், நினைவு இருக்கும்போதே வெல்லமோ சர்க்கரையோ வாயில் இடவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விரதமிருக்க விரும்புவோர் மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்த முன்னோர், பட்டினி கிடந்த வயிற்றின் நலனையும் எண்ணியே வைத்தனர். மிளகும் சீரகமும் இஞ்சியும் இட்ட வெண்பொங்கல் பனிக்காலத்துப் பிரசாதமானதிலும் அந்த அறிவு தெரிகிறது.

சபரிமலைக்கு மாலையிட்டோருக்கு நாற்பத்தொரு நாள் விரதம் உடலுக்கும் ஒரு பயிற்சிக்காலம். பம்பையிலிருந்து சந்நிதானம் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர். நீலிமலை ஏற்றம் செங்குத்தானது. நாள்தோறும் அரைமணி நேரமாவது நடந்து பழகாதவர் அங்கே திடீரென ஏறினால் இதயம் திணறுகிறது. நெஞ்சில் இறுக்கமோ, இடது கையில் வலியோ, மூச்சு வாங்குதலோ தோன்றினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஏற்றப் பாதையில் அவசர மருத்துவ மையங்களும் பிராணவாயு நிலையங்களும் அமைக்கப்படுகின்றன. வழக்கமான மாத்திரைகளை விரதத்தின் பெயரால் நிறுத்துவது பெரும் தவறு.

பழநிப் பாதயாத்திரையில் ஆபத்து சாலையில் இருக்கிறது. பனி மூடிய விடியலில் கறுப்போ கரும்பச்சையோ உடுத்தவர் வண்டி ஓட்டுபவர் கண்ணில் கடைசி நொடியில்தான் படுகிறார். முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டுவதும், வலப்புறமாக நடந்து எதிரே வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டே செல்வதும், சாலை ஓரத்தில் படுக்காதிருப்பதும் உயிர் காக்கும். வேனில் செல்வோர் ஓட்டுநரின் உறக்கத்தையும் தம் பொறுப்பாகக் கொள்ளவேண்டும். இரவெல்லாம் ஓட்டி வந்தவரைத் தரிசனம் முடிந்தவுடன் “கிளம்பலாம்” என்று அவசரப்படுத்துவது அனைவரின் உயிரையும் பணயம் வைப்பதாகும். ஆபத்து நேர்ந்தால் 108 என்னும் எண் தமிழகத்திலும், ஆந்திரத்திலும், கேரளத்திலும் ஒன்றே.

உடம்பையே இறைவன் உறையும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். அந்தக் கோயிலைப் பழுதின்றிக் காப்பதும் வழிபாடே. மேச்சேரியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வண்டியும் முதலில் பத்ரகாளியம்மன் சந்நிதியில் ஒரு சூடம் ஏற்றிவிட்டுச் செல்லட்டும். திரும்பி வந்து, போனவர்களை ஒருவர் குறையாமல் எண்ணிப் பார்த்து, அதே சந்நிதியில் இன்னொரு சூடம் ஏற்றட்டும். வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த வீட்டாருக்கு அந்த இரண்டாவது சூடத்தின் ஒளியே சொர்க்கவாசல் திறந்த காட்சி.