அணியும் மடக்கும்

நிரல் எழுதப் பழகும் முதலாண்டு மாணவருக்கு அணியும் மடக்கும் கற்பிக்கப்படும் விதம் குறித்து நமக்குக் கடுமையான மனத்தாங்கல் உண்டு. (தண்டியலங்காரத்துச் சொற்கள் இரண்டு கணினிப் பாடநூலில் குடியேறியதில் மகிழ்ச்சியே.) பத்து எண்களை வாங்கு, கூட்டு, அச்சிடு, பிறகு அதையே ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படியெடு. இதற்குப் பெயர் பயிற்சியாம்! அணியின் முதல் உறுப்புக்கு ஏன் சுழி என்று எவரேனும் கேட்டுவிட்டால், 'சி மொழியில் அப்படித்தான், மனப்பாடம் செய்' என்பதே விடை.

அது வெறும் விதியல்ல, தொலைவு. தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி என்பதையே அவ்வெண் சொல்கிறது. முதல் உறுப்பு எங்கும் தள்ளியிருக்கவில்லை. சுழியிலிருந்து எண்ணுவதே சரியென்று, வேறொரு வழியில், டைக்ஸ்ட்ரா 1982இல் வாதிட்டு எழுதியிருக்கிறார்.

மாணவரிடம் திருக்குறளைக் கொடுத்துப் பாருங்கள். 133 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்துக் குறள்: இருபரிமாண அணி, மடக்குக்குள் மடக்கு. குறளின் எண்ணைத் தந்தால் அதிகார எண் வரவேண்டும். பத்தால் வகுத்து, மீதியைத் தள்ளி, ஒன்றைக் கூட்டுபவருக்கு ஒன்பதாம் குறள்வரை சிக்கலில்லை. பத்தாவது குறள் கடவுள் வாழ்த்தை விட்டு வான்சிறப்புக்குத் தாவிவிடும்! முதற்குறளைச் சுழி என்று எண்ணட்டும். பத்தாவது 9 ஆகித் தன் அதிகாரத்துக்கே திரும்பும், கடைசிக் குறள் 1329 ஆகி 133ஆம் அதிகாரத்தில் அமரும்.

அந்தப் பத்தாம் குறளோடு மாணவரை அரைமணி மல்லுக்கட்ட விட ஆய்வுக்கூடத்தில் நேரமில்லையாம். படியெடுக்க மட்டும் இருக்கிறதா?