யார் பதித்த தடம்?

பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் என் காதில் விழுகிறது. “டீச்சர், இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு விவஸ்தையே இல்ல. எல்லாத்தையும் நெட்டுல போட்டுருதுங்க. நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்.” ஆசிரியர் அறையிலும் இதே பேச்சு. விழிப்புணர்வு முகாமுக்கு வருகிறவர்களும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இணையத்தில் பிள்ளைகளைப் பற்றிக் கிடக்கிற விவரங்களைப் பிள்ளைகளே கொட்டினார்கள், ஆகவே திருந்த வேண்டியவர்களும் பிள்ளைகளே என்பதில் பெரியவர்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறவள் நான். இந்த நம்பிக்கை தவறு. தவறு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கு நாம் செய்கிற அநியாயம்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் லேபுக்கு அழைத்துப் போய், அவரவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடச் சொன்னேன். ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக போன் கிடையாது. எந்தச் செயலியிலும் கணக்கு கிடையாது. தனக்கு ஒன்றும் வராது என்று சொல்லிக்கொண்டேதான் தட்டினாள்.

முதலில் வந்தது யு.கே.ஜி. ஆண்டுவிழாப் படம். முண்டாசு கட்டி, மையால் மீசை வரைந்து, பாரதியார் வேடத்தில் நிற்கிறாள். அவள் படித்த நர்சரிப் பள்ளியின் பக்கத்தில், கீழே முழுப்பெயர், வகுப்பு, பிரிவு. உறவுக்காரர் ஒருவர் அவள் வீடு இருக்கிற தெருவின் பெயரைச் சொல்லி, எங்க தெருச் செல்லம் என்று கமெண்ட் போட்டிருந்தார். அடுத்தது, மாமா போட்ட பிறந்தநாள் வாழ்த்து. கேக், மெழுகுவத்தி, வயது, தேதி எல்லாம் இருந்தன. மூன்றாவது ஒரு டியூஷன் சென்டரின் போஸ்டர். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறியதற்காகப் போட்டது. பாஸ்போர்ட் அளவுப் படம், பள்ளியின் பெயர், பதிவெண், மதிப்பெண்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர், நான் ஒண்ணுமே போடலியே.”

நான் அதுவரை தயாரித்து வைத்திருந்த பாடம் அந்த ஒரு சொல்லில் உதிர்ந்துபோனது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, தெரியாதவர்களோடு பேசாதே, போடுமுன் யோசி என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வதற்காக எழுதி வைத்திருந்த பாடம் அது. அவள் யோசிக்கவும் தயங்கவும் இடமே இல்லாமல், ஐந்து வயதிலிருந்து அவளுக்காக நாம் போட்டுவிட்டிருக்கிறோம்.

பெயரும் பிறந்த தேதியும் வெளியே போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆதாரைப் பதிவிறக்கினால் வருகிற கோப்பைத் திறக்க என்ன கேட்கும்? பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். நெட் சென்டரில் பதிவிறக்கிவிட்டு அழிக்காமல் வந்த கோப்புக்கு அந்தப் பிறந்தநாள் வாழ்த்துதான் சாவி. பத்தாம் வகுப்பு முடிவைப் பார்க்க? பதிவெண்ணும் பிறந்த தேதியும். இவ்வளவையும் சேர்த்துவைத்திருக்கும் ஒருவன் போனில் கூப்பிட்டு, பிள்ளையின் பெயர், பள்ளி, வாங்கிய மதிப்பெண் எல்லாம் சரியாகச் சொல்லி, உதவித்தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்றால், எந்தத் தாய் சந்தேகப்படுவாள்?

என் தலைமுறைக்குப் பத்தாம் வகுப்பு முடிவு மாலைப் பத்திரிகையில் வந்தது. கடைவாசலில் கூட்டம் முண்டியடிக்கும். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எண்கள்தான். தேறியவளின் எண் இருக்கும், தவறியவளின் எண் இருக்காது. யாருடைய எண் எது என்று வீட்டுக்கும் பள்ளிக்கும் மட்டும் தெரியும். தோற்ற பிள்ளைக்கு அந்த அளவு மறைப்பு அன்று இருந்தது. முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு நசுக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பேருந்து நிலையத்து ஃப்ளெக்ஸ்களும் டியூஷன் சென்டர் பக்கங்களும் அந்த வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டன. ஃப்ளெக்ஸ் மழையில் கிழிந்துவிடும். அதையே இணையத்தில் ஏற்றினால், அந்தப் பெண் வேலைக்குப் போகும்போதும் கிடக்கும்.

ஸ்டேட்டஸ்தானே, 24 மணி நேரத்தில் போய்விடும் என்கிறார்கள். பார்த்தவரின் போனில் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதே, அது எங்கே போகும்?

சட்டம் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவருடைய விவரத்தை ஒரு நிறுவனம் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். ஆனால் அது பெற்றோரைக் காவலாக நிறுத்துகிறது. சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் செய்வது அந்தச் சட்டத்துக்குள் வராது. காவலாளியே கதவைத் திறந்துவைத்தால் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்? பிரான்ஸ் இதை யோசித்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் அங்கே வந்த சட்டம், பிள்ளையின் படத்தின் மீதான உரிமையைக் காக்கும் பொறுப்பைத் தாய் தந்தை இருவர் மீதும் வைக்கிறது. பிள்ளையின் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதன் கருத்தையும் கேட்கச் சொல்கிறது.

பிள்ளைகள் எதுவும் போடுவதே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ரீல்ஸ் போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், போடக்கூடாததையும் போட்டுவிட்டு அழுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். என் வகுப்பில் பதினொரு வயதில் தொடங்கியவர்கள் பலர். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டது யார் என்று கேட்டேன். அண்ணன், அத்தை மகன், இரண்டு பேருக்கு அப்பாவே. முதல் பொய்யைக் கூட நாம்தான் தட்டிக்கொடுத்திருக்கிறோம்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் வேறொன்று. பழி பிள்ளை மேல் என்று முடிவாகிவிட்ட வீட்டில், இணையப் பாதுகாப்பு என்பது பெண்பிள்ளையின் ஒழுக்கமாகிவிடுகிறது. “பொம்பளப் புள்ள போட்டோ வெளியில போகலாமா?” என்று ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கேட்கிற வீட்டில்தான், அவள் சடங்கு வீட்டுப் படம் நாற்பது பேர் இருக்கிற குரூப்பில் அவளைக் கேட்காமல் போகிறது. பட்டுப்பாவாடையும் மாலையுமாக அவள் குனிந்து உட்கார்ந்திருக்கிற படம். அவளுடைய உடலில் நடந்த ஒன்றை ஊருக்குச் சொல்கிற படம். அது பெருமை. அவளே தோழியோடு சிரித்து எடுத்த படம் வெளியே போனால் மட்டும் மானக்கேடு.

இப்படி வளர்ந்த பெண்ணின் படத்தை ஒருவன் எடுத்து மாற்றிவைத்து மிரட்டுகிறான் என்று வையுங்கள். 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். போக்சோ சட்டம் இருக்கிறது. புகார் கொடுத்த பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊடகம் வெளியிடக்கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் அவள் வாய் திறக்க மாட்டாள். மிரட்டுகிறவனைவிட அவளுக்குத் தன் வீட்டின் மேல் பயம் அதிகம். போனைப் பிடுங்குவார்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள், நீ ஏன் போட்டாய் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி மூன்று மாதம் ஒருத்தி யாரிடமும் சொல்லாமல் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நானும் அவளைப் படிப்பில் கவனமில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? அவள் சித்தியின் டி.பி.யிலிருந்து.

பெருமைப்படாதீர்கள் என்று யாரையும் சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளை மேடையேறினால் ஆச்சிக்குப் படம் அனுப்பத்தான் வேண்டும். ஆச்சியின் போனுக்கு அனுப்புவது வேறு, ஊர் அறியப் போடுவது வேறு. இடையில் பிள்ளையிடம் “போடட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். ஆறு வயதில் தன் “வேண்டாம்” மதிக்கப்பட்டதைப் பார்த்த பிள்ளைதான், பதிமூன்று வயதில் படம் அனுப்பு என்று நச்சரிக்கிறவனிடம் வேண்டாம் என்று சொல்லும். இந்தப் பழக்கம் வீட்டில் வராவிட்டால் நான் கரும்பலகையில் எழுதிப்போடுவது எதுவும் நிற்காது.

இந்த வருடம் ஆண்டுவிழாவுக்கு முன்னால், படம் வெளியிடலாமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தோம். பெற்றோர் கையெழுத்துக்கு மேலே, பிள்ளைக்கென்று தனியாக ஒரு கட்டம். என் வகுப்பில் ஒன்பது பேர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலமே ஒரு தந்தை போன் செய்தார். “டீச்சர், பையன் தெரியாம வேண்டாம்னு போட்டுட்டான். வில்லுப்பாட்டுல அவன்தான் குடம் அடிக்கிறான். நான் சரின்னு மாத்திக் குடுத்துடவா?”

“அவன்கிட்ட ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க சார்,” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் பையனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.