ஒரே சொடுக்கில் மாறிவிடுமாம்!

எங்கள் பழைய மாணவர் மலர் 1998-ல் பேஜ்மேக்கரில் வடிவமைத்தது. தமிழும் பிரெஞ்சும் கலந்தது. எழுதியவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. அதை எக்ஸ்எம்எல் ஆக்க, "இலவசம் சார், ஒரே சொடுக்கு" என்று ஒரு மென்பொருளைக் காட்டுகிறார்கள் பிள்ளைகள். நான் ஒப்பமாட்டேன்.

அந்தக் காலக் கோப்பில் இருப்பது வெறும் எண்தான். அக்சான் தேகு போட்ட பிரெஞ்சு எழுத்துக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண். எழுத்துருவின் பெயரைப் பார்க்காத கருவிக்கு இரண்டும் ஒன்று. சோதித்தேன்: 'எத்தா சிவில்' என்பதில் முதலெழுத்து தமிழ், மிச்சம் ரோமன்! பிறப்புப் பதிவில் ஓர் எழுத்து பிசகி நடையாய் நடந்தவர்களை மேசைக்கு எதிரே பார்த்தவன் நான். செத்தவர்கள் யாரிடம் போய்த் திருத்தம் கேட்பார்கள்?

பிடிஎஃப்பிலிருந்து எடுக்கலாமே என்கிறார் ஒருவர். வரிவரியாக அறுந்து வரும். எது தலைப்பு, எது அடிக்குறிப்பு என்பதே போய்விடும். பிறகு எக்ஸ்எம்எல் எதற்கு?

பேஜ்மேக்கரிலிருந்தே ஆர்டிஎஃப் ஆக எடுங்கள். எழுத்துருப் பெயரும் ஸ்டைல் பெயரும் கூடவே வரும். அவற்றைப் படிக்கிற கருவியை வாங்குவோம், காசு கேட்டாலும் சரி. பேஜ்மேக்கர் 2001-ல் 7.0-வோடு நின்றுவிட்டது. அது ஓடுகிற கிழட்டுக் கணினி என் வீட்டில் இன்னும் இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.